குறைந்த விலை ஆம்ப்ளிஃபயரில் நிறைந்த நாதம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எஞ்சினியரிங் கல்லூரிக் கூட்டத்தில் வந்து எலெக்ட்ரிக் கிடாரைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு நம் சங்கத்தின் முன் ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. மாணவர் இசைக்குழு ஒரு நல்ல கிடார் ஆம்ப்ளிஃபயர் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஏற்கனவே ஒரு சின்ன மாடலிங் ஆம்ப் இருக்கிறது. 'அதில் சத்தம் வருகிறது, நாதம் வரவில்லை' என்பது புகார். மூத்தவர்களில் சிலர், 'வாங்குவதுதான் வாங்குகிறோம், ஒரே ஒரு வால்வு ஆம்ப், உயர்ந்த சரக்காகப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடலாம்' என்கிறார்கள். நல்ல மனசு. அதற்கு வணக்கம். ஆனால் பையைத் திறப்பதற்கு முன்னால், இருக்கிற பெட்டியிடம் முழு வேலையும் வாங்கிவிட்டோமா என்று பார்ப்பதுதானே எஞ்சினியருக்கு அழகு?

அதைவிட என்னை உறுத்தியது, குழுவில் கிடார் வாசிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி. 'அண்ணா, என் கை சரியில்லையா, இல்லை ஆம்ப் சரியில்லையா? கைதான் என்றால் சொல்லிடுங்க, விட்டுடறேன்' என்றான். பதினெட்டு வயதில் ஒரு பையன் தன் கையின் மேல் நம்பிக்கை இழப்பது சாதாரண நஷ்டமில்லை. அவன் வாசித்துக் கேட்டேன். கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள விஷயங்களில்தான் கோளாறு. அந்த நடு விஷயங்களைத்தான் இன்று பேசப் போகிறேன். நான் இங்கே மின்னணுவியல் படித்து, பகலில் ஒலி சிக்னல்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன், சாயங்காலத்தில் கிடார்க்காரன். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும் என்ற தைரியத்தில் பேசுகிறேன்.

வால்வு ரேடியோவும் கிடாரும்

வீணைக்குக் குடம் இருக்கிறது. சாதாரண கிடாருக்கு மர வயிறு இருக்கிறது. எலெக்ட்ரிக் கிடாரில் அந்த வயிறு கிடையாது, திட மரக்கட்டை. கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த 'பிக்கப்' மின்சாரமாக மாற்றுகிறது. அது ஒரு ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் சென்று சேர்ந்த பிறகுதான் இசை. ஆகவே ஆம்ப் என்பது ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியத்தில் பாதி. அந்த வாத்தியத்தின் குரல் குணத்தைத்தான் கிடார்க்காரர்கள் 'டோன்' என்கிறார்கள்.

இங்கே உள்ள பெரியவர்கள் வீட்டில் வால்வு ரேடியோ பார்த்திருப்பீர்கள். குமிழைத் திருகிவிட்டு, சூடேறும் வரை பேசாமல் காத்திருக்க வேண்டும். கிடார் ஆம்ப்பும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். வால்வின் சக்திக்கு மேல் சிக்னலை ஊட்டினால் அலையின் உச்சி மழுங்கும். ரேடியோவில் அது குறை. கிடாரில் அதுவே அழகாகிவிட்டது. உச்சி மழுங்கும்போது மூல சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் புதிய இசைவுகள் பிறக்கின்றன. மெல்ல வாசித்தால் சுத்தமாகவும், அழுத்தி வாசித்தால் கரகரப்பாகவும், வாசிப்பவன் விரலுக்குத் தக்கபடி குரல் மாறுகிறது. ஒரு நல்ல ஆம்ப்பிடம் நாம் கேட்பது இதைத்தான்.

கணக்கால் செய்த வால்வு

வால்வு ஆம்ப் கனமானது, சூடாவது, காலப்போக்கில் வால்வு மாற்ற வேண்டியது. அதைவிடப் பெரிய சங்கடம், அதன் முழு அழகும் சத்தமாக வைத்தால்தான் வெளியே வரும். விடுதி அறையில் அதை வைத்து வாசித்தால் வார்டன் வருவார்.

இதற்கு ஒரு வழியாகத்தான் 1990-களின் நடுவில் மாடலிங் வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் வி.ஜி.8 கருவி 1995-ல் வந்தது. லைன் 6 நிறுவனம் 1996-ல் ஆக்ஸிஸ் 212 என்ற ஆம்ப்பையும், 1998-ல் அவரைக்கொட்டை வடிவத்தில் சிவப்பாக 'பாட்' என்ற பெட்டியையும் கொண்டுவந்தது. பிறகு ஃபெண்டரின் மஸ்டாங் 2010-ல், யமஹாவின் டி.ஹெச்.ஆர். 2011-ல், பாஸ் நிறுவனத்தின் கட்டானா 2016-ல் என்று மாணவர்களும் எட்டிப்பிடிக்கக் கூடிய பெட்டிகள் வரிசையாக வந்தன.

உள்ளே நடப்பது நமக்குப் பழக்கமான பாடம்தான். கிடார் சிக்னலை எண்களாக மாற்றுகிறார்கள். வால்வு எப்படி உச்சியை மழுக்குமோ அதே மாதிரி ஒரு வளைகோட்டின் வழியாக அந்த எண்களை அனுப்புகிறார்கள். டோன் குமிழ்களின் வடிகட்டிகளையும் கணக்காகப் போடுகிறார்கள். கடைசியில் ஸ்பீக்கரும் அதன் பெட்டியும். ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு நொடித் தட்டு கொடுத்தால் அது எப்படி அதிர்ந்து அடங்குகிறது என்பதை அளந்து வைத்துக்கொண்டு, அதைக் கிடார் சிக்னலோடு கான்வல்யூஷன் செய்வது ஒரு வழி. ஆமாம், சிக்னல்ஸ் பரீட்சையில் வயிற்றைக் கலக்கிய அதே கான்வல்யூஷன்தான். இப்போது தெரிகிறதா எதற்குப் படித்தோம் என்று!

'என்ன இருந்தாலும் நகல்தானே' என்பார்கள். கொஞ்சம் சரித்திரத்தைப் பார்ப்போம். லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-ல் தன் கடை ஆட்களோடு முதல் ஆம்ப்பைச் செய்தபோது, அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளூரில் கிடைத்த வால்வு, உள்ளூர் ஸ்பீக்கர் என்று போட்டதில் குரல் மாறியது. அந்த ஜே.டி.எம்.45-தான் பிரிட்டிஷ் ராக் சத்தத்துக்கே மூதாதை ஆனது. நகலா அசலா என்பது கேள்வியில்லை. கையில் உள்ளதை ஒருவன் எப்படிப் பழக்குகிறான் என்பதுதான் கேள்வி.

சரி, பின் ஏன் நம் பையன்கள் ஆம்ப் கரகரவென்று கத்துகிறது? நான் கண்ட காரணங்களை ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது: தேவைக்கு மேல் கெயின்

கடையில் பெட்டியைத் திறந்ததும் வரும் ரெடிமேட் பிரீசெட்களில் பல, வாங்க வந்தவனை ஐந்து நிமிஷத்தில் அசத்துவதற்காகச் செய்தவை. கெயின் ஏகத்துக்கு, எக்கோ ஏகத்துக்கு. தனியாக வாசித்தால் பிரம்மாண்டம். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் கிடார் எங்கே போனது என்று தேட வேண்டும்.

கெயின் கூடக் கூட, மெல்ல அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒரே அளவாகிவிடுகின்றன. விரலின் நயம் செத்துவிடுகிறது. இன்னொரு விஷயம். உச்சி மழுங்கும் சர்க்யூட்டில் இரண்டு சுரங்கள் சேர்ந்து நுழைந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் 2-க்கு 3 என்ற விகிதம். கழித்தால் 1. அதாவது ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஷட்ஜம். சண்டை இல்லை, இன்னும் கம்பீரம். ராக் இசையில் வெறும் ஷட்ஜ-பஞ்சமத்தை 'பவர் கார்ட்' என்று விடாமல் வாசிப்பதன் ரகசியம் இதுதான். நடுவில் காந்தாரத்தையும் சேர்த்து முழு கார்டாக அதே கெயினில் அடித்தால், பிறக்கிற உபரி சுரங்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு ஒரே சேறு. அந்தத் தம்பிக்கு நடந்தது இதேதான். கை சரியான கார்டைத்தான் பிடித்தது. கெயின் அதைக் கூழாக்கியது.

மருந்து எளிது. உங்களுக்குப் பிடித்த அளவுக்குக் கெயினை வையுங்கள். பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஆரம்பத்தில் மொட்டையாகத் தெரியும். ஒரு வாரம் பொறுங்கள்; விரல் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். இசைத்தட்டில் கேட்கிற அந்தத் தடித்த சத்தம் பல நேரம் ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்துப் பதிந்து இடமும் வலமுமாக வைத்ததால் வருவது. அதை ஒரு குமிழில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது: அறையில் ஒரு காது, மேடையில் ஒரு காது

பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் வெளியிட்ட வரைபடங்கள் நம் பாடப் புத்தகத்திலேயே உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடிக்குரலும் கீச்சுக்குரலும் சரியாக எட்டுவதில்லை, நடுக்குரல்தான் எட்டும். அதனால் ராத்திரி பத்து மணிக்கு அறையில் மெல்ல வாசிக்கிறவன் என்ன செய்கிறான்? பேஸைக் கூட்டுகிறான், ட்ரெபிளைக் கூட்டுகிறான், மிடிலைக் குறைக்கிறான். அறையில் அமிர்தம். அதே அமைப்பை மறுநாள் மேடையில் சத்தமாக வைத்தால் அடிக்குரல் குமுறுகிறது, மேல்குரல் காதைக் குத்துகிறது. அடிக்குரல் இடத்தை பேஸ் கிடாரும் டிரம்ஸும், மேல் இடத்தை சிம்பலும் எடுத்துக்கொள்ள, கிடாருக்கென்று உள்ள நடுப்பகுதியை நாமே காலி செய்து கொடுத்தாயிற்று.

ஆகவே அறைக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று இரண்டு தனி அமைப்புகளைச் சேமித்து வையுங்கள். மேடை அமைப்பை மேடைச் சத்தத்தில்தான் செய்ய வேண்டும். அதில் மிடில் தாராளமாக இருக்கட்டும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பேசுவது போலத் தெரியும். குழுவோடு சேர்ந்ததும் அதுதான் தெளிவு.

இரண்டு பிரீசெட்களை ஒப்பிடும்போதும் காது ஏமாற்றும். எது கொஞ்சம் சத்தமோ அதுதான் சிறந்தது என்று தோன்றும். இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்பு சொல்லுங்கள்.

வாட் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. 50 வாட் என்பது 5 வாட்டைப் போலப் பத்து மடங்கு சத்தமல்ல. பத்து மடங்கு வாட் என்றால் 10 டெசிபெல். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டானா 50 போன்ற ஆம்ப்களில் அரை வாட், 25, 50 என்று மாற்றிக்கொள்ள வசதியே இருக்கிறது. விடுதிக்கு அரை வாட் போதும். நம்புங்கள்.

மூன்றாவது: ஸ்பீக்கர் ஒரு தடவைதான்

கிடாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். கிடாருக்கென்று செய்யப்பட்ட 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாக அடங்கிவிடும். ஹைஃபை கண்ணோட்டத்தில் இது மட்டமான ஸ்பீக்கர். ஆனால் உச்சி மழுங்கியதால் பிறந்த எரிச்சலான மேல் இசைவுகளை வடிகட்டுவது அதுதான். காபிக்கு ஃபில்டர் மாதிரி. ஃபில்டர் இல்லாவிட்டால் வாயெல்லாம் தூள். இரண்டு ஃபில்டரில் இறக்கினால் வெறும் வெந்நீர்.

மாடலிங்கில் இந்த ஸ்பீக்கரும் கணக்காக உள்ளே இருக்கிறது. 'கேபினெட்' என்று பெயர் போட்டிருக்கும். விதி ஒன்றே ஒன்று: சிக்னல் ஒரு தடவைதான் கிடார் ஸ்பீக்கரைக் கடக்க வேண்டும். நிஜமான கிடார் ஸ்பீக்கரில் போகிறதா, கணக்கு ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். ஹெட்போனுக்கோ, மிக்ஸருக்கோ, ஆடிட்டோரியத்தின் பி.ஏ. ஸ்பீக்கருக்கோ போகிறதா, கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இரண்டும் சேர்ந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரி. பல ஆம்ப்கள் ஹெட்போன் செருகியதும் இதைத் தாங்களே போட்டுக்கொள்ளும். உங்கள் பெட்டி எப்படி என்று கையேட்டைப் படியுங்கள். கையேடு படிக்காத எஞ்சினியர் என்று பெயர் வாங்க வேண்டாம்.

மிக்ஸருக்கு அனுப்பும்போது 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும், 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிட்டால் பாதி எரிச்சல் அங்கேயே தீரும்.

நான்காவது: பிளாஸ்டிக் நாற்காலி

ஆம்ப்பைத் தரையில் வைக்கிறோம். காது ஐந்தடி உயரத்தில். நடுவில் என்ன ஆகிறது? ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். 3,400 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். 12 அங்குல ஸ்பீக்கரின் குறுக்களவோ 30 சென்டிமீட்டர். அலைநீளத்தைவிட மூலம் பெரிதாக இருந்தால் ஒலி டார்ச் லைட் போல நேராகத்தான் அடிக்கும். வாசிப்பவனின் முட்டிக்குக் கீழே அந்த வெளிச்சம் முழுதும் போகிறது; அவன் காதுக்கு வருவது மங்கல் மட்டும். அவன் ட்ரெபிளைக் கூட்டுகிறான். நேர் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்த பேராசிரியர் காதைப் பொத்துகிறார்.

ஆம்ப்பை ஒரு நாற்காலியில் தூக்கி வையுங்கள். கொஞ்சம் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். அப்புறம் குமிழைத் தொடுங்கள். சுவர் மூலையில் வைத்தால் அடிக்குரல் வீங்கும். ஓரடி, இரண்டடி முன்னால் இழுங்கள். நான் அறிந்தவரை ஆம்ப்புக்குச் செய்யக் கூடிய மலிவான முன்னேற்றம் இந்த நாற்காலிதான்.

ஐந்தாவது: 'உம்' என்ற சத்தமும் எர்த்தும்

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பி, நல்ல ஆன்டெனா. அறையில் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் அதன் இரைச்சலையும் வாசிக்கும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், அல்லது அணையுங்கள். ரெகுலேட்டரை நடுவில் விடாதீர்கள். கிடாரோடு அப்படியே திரும்பி நின்று பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறையும். இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர், இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து இரைச்சலைக் கழிக்கும் 'ஹம்பக்கர்' பிக்கப்புக்கு 1955-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆனால் இரைச்சலைப் போக்குகிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் பிடுங்காதீர்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். கிடாரின் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. கை கம்பியில், உதடு மைக்கில். ஏதாவது ஒன்றில் எர்த் இல்லாமல் கசிவு இருந்தால் நடுவில் நீங்கள்தான் கம்பி. 1972-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிடார்க்காரர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். டோன் வேண்டும்; ஆள் அதைவிட வேண்டும்.

ஆறாவது: ஆம்ப்புக்கு முன்னால் உள்ளவை

துருப்பிடித்த கம்பியை எந்தக் கணக்கும் பளபளப்பாக்காது. கம்பியை மாற்றுங்கள். சுருதி சேருங்கள். பிக்கப் கம்பிக்கு மிக நெருக்கமாக இருந்தால் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொஞ்சம் இறக்குங்கள். மந்தமான சத்தம் தெளியும். கிடாரிலேயே உள்ள வால்யூம் குமிழைப் பலர் தொடுவதே இல்லை. முழுசாக வைத்தால் கரகரப்பு, ஏழுக்கு இறக்கினால் சுத்தம் என்று ஒரே பிரீசெட்டில் இரண்டு குரல் கிடைக்கும். நல்ல மாடலிங்குக்கு அதுவே பரீட்சையும்கூட.

கடைசியாக, ப்ளூடூத் ஹெட்போனில் கிடார் வாசித்துப் பழகாதீர்கள். பாட்டுக் கேட்க அது சரி. வாசிக்கும்போது, அடித்த சுரம் பத்தில் ஒரு விநாடி தாமதித்துக்கூட வரலாம். தாளம் தடுமாறும், கையைத்தான் சந்தேகப்படுவீர்கள். சாதாரண ஒயர் ஹெட்போன் போதும்.

நாளைக் காலையில் செய்து பார்க்க

தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

1. எல்லா எஃபெக்டையும் அணையுங்கள். சுத்தமான 'க்ளீன்' மாடலில் ஆரம்பியுங்கள். குமிழ்கள் எல்லாம் நடுவில்.

2. ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றி, வாசிக்கப் போகிற சத்தத்துக்கு வால்யூமை வையுங்கள்.

3. பேஸை முழுதும் குறைத்துவிட்டு, உடம்பு வந்துவிட்டது என்று தோன்றும் வரை மட்டும் ஏற்றுங்கள். ட்ரெபிளும் அப்படியே. குத்த ஆரம்பித்தால் ஒரு படி கீழே.

4. மிடிலைக் கடைசியில், குழுவோடு வாசிக்கும்போது முடிவு செய்யுங்கள்.

5. கரகரப்பு வேண்டுமானால் 'க்ரஞ்ச்' வகை மாடலுக்குப் போங்கள். மெல்ல அடித்தால் சுத்தம், ஓங்கி அடித்தால் கடி; அந்த எல்லையில் கெயினை நிறுத்துங்கள்.

6. எதிரொலி கடைசியில். அணைத்தால் ஏதோ குறைகிறது, போட்டால் இருப்பது தெரியவில்லை என்ற அளவு போதும்.

7. லூப் வசதி இருந்தால் ஒரு வரியைப் பதிந்து ஓடவிட்டு, கிடாரைக் கீழே வைத்து, எதிரே போய் நின்று கேட்டபடி குமிழைத் திருகுங்கள். வாசிக்கும்போது விரல் காதை ஏமாற்றும்.

அரை மணி நேர வேலை. பைசா செலவில்லை.

சின்னப் பெட்டிகளின் பெரிய பெயர்

குறைந்த விலைப் பெட்டியால் என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 1964-ல் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், ஒரு சின்ன மலிவு ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறி, அந்தக் கிழிசல் சத்தத்தை ஒரு பெரிய ஆம்ப் வழியாக வாசித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது நம் ஜாதி ஆள். எஞ்சினியர் ஜாதியைச் சொல்கிறேன். 'குவீன்' குழுவின் பேஸ் கிடார்க்காரர் ஜான் டீக்கன், லண்டன் செல்ஸீ கல்லூரியில் மின்னணுவியல் படித்துப் பட்டம் பெற்றவர். குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த ஒரு ட்ரான்சிஸ்டர் சர்க்யூட்டை வீட்டுக்கு எடுத்துவந்து, 1972 வாக்கில் ஒரு சின்ன ஆம்ப் செய்தார். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஒரு வாட் கூடத் தேறாது. அந்தப் பெட்டியைக் குழுவின் கிடார்க்காரர் பிரையன் மே வாங்கி, குவீன் இசைத்தட்டுகளில் பிடில், கொம்பு வாத்தியங்கள் போல ஒலிக்கும் கிடார் அடுக்குகளுக்குப் பயன்படுத்தினார். 'டீக்கி ஆம்ப்' என்று அதற்குப் பெயரே உண்டு. பிற்காலத்தில் அதற்கு நகல் செய்து விற்றார்கள். குப்பையில் கிடந்ததற்கு நகல்!

சங்கத்துக்கு என் விண்ணப்பம்

வால்வு ஆம்ப்பை நான் குறை சொல்லவில்லை. பெரிய மேடையில், நல்ல வால்வு ஆம்ப்பின் முன் நின்று ஒரு கார்டை அடிக்கும்போது முதுகில் காற்று தட்டும் பாருங்கள், அந்த அனுபவத்தைச் சின்னப் பெட்டியின் 8 அங்குல ஸ்பீக்கர் தராது. கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்றைத் தள்ளுவது காகிதமும் காந்தமும்தான். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலாக வாசிப்பவர் வாங்கட்டும், அவருக்கு அது நியாயம்.

கல்லூரி நிலைமை வேறு. இங்கே நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா முகமும் மாறிவிடும். ஒரே ஒரு விலையுயர்ந்த ஆம்ப் வந்தால் என்ன நடக்கும்? அது பூட்டிய அறையில் இருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும். வருஷத்தில் இரண்டு விழாவுக்கு வெளியே வரும். அதன் முன் நிற்கிற பையனுக்கு அதோடு பழக்கமே இருக்காது. வால்வு போனால் மாற்றத் தெரிந்த ஆளைத் தேடுவதற்குள் அடுத்த பேட்ச் வந்துவிடும்.

அதே பணத்தை இப்படிச் செலவிடலாம் என்பது என் யோசனை. 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள நடுத்தர மாடலிங் ஆம்ப் இரண்டு. ஒன்று பயிற்சி அறையில். ஒன்று விடுதியில், கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகும்படி. ஒயர் ஹெட்போன் நான்கு. பயிற்சி அறைக்கும் மேடைக்கும் முறையாக எர்த் பார்த்த பிளக் பாயிண்ட். இதை நம் மின்னியல் துறை மாணவர்களே அளந்து சான்று தரட்டும். கம்பிக்கும் கேபிளுக்கும் வருஷாவருஷம் ஒரு சிறு தொகை. பெரிய விழாவுக்கு ஆம்ப்பின் லைன் அவுட்டிலிருந்து ஆடிட்டோரிய மிக்ஸருக்கு ஒரு கேபிள். ஹால் முழுக்கக் கேட்க அதுவே போதும். மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு ஆசிரியரை மாதம் இரண்டு சனிக்கிழமை வரவழைக்கலாம். ஒரு பெட்டிக்குப் பதில் இருபது கைகளுக்கு வேலை கிடைக்கும்.

என் பேச்சை நம்பி முடிவு செய்ய வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக்கு, பயிற்சி அறையில் அந்தப் பழைய சின்ன ஆம்ப்பையே நாற்காலியில் ஏற்றி வைத்திருப்போம். வாசிக்கப் போவது நானல்ல, குழுவின் தம்பிகளும் தங்கைகளும். முதலில் பழைய பிரீசெட், பிறகு இன்று சொன்ன அமைப்பு, இரண்டும் ஒரே சத்த அளவில். நிர்வாகக் குழுவினர் அவசியம் வந்து கேட்க வேண்டும். கேட்ட பிறகும் 'வால்வுதான் வேண்டும்' என்று தோன்றினால், முதல் நன்கொடைச் சீட்டை என் பெயரில் கிழித்துக்கொள்ளுங்கள்.